அரோகோத்துக்கு ஒரு லேட்டரல் வியூ

"அக்கா, இது எந்த எலும்புக்கா?"

பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் என் கம்ப்யூட்டரின் முகப்புப் படத்தைக் காட்டிக் கேட்டாள். கேள்வியில் தப்பே இல்லை. எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்திருக்கிறவளின் திரையில், கறுப்புப் பின்னணியில், சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய குமிழும் ஒரு சின்னக் குமிழும் ஒட்டிக்கொண்டு நின்றால் யாருக்கும் எலும்பு என்றுதான் தோன்றும். கணுக்காலில் இருக்கும் தாலஸைத் தனியே எடுத்துக் கொஞ்சம் தேய்த்து வைத்தால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

"எலும்பு இல்லம்மா, ஐஸ். 36 கிலோமீட்டர் நீளம்."

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி கூட்டம் குறைவு. இரண்டு மணிக்கு மேல் ஒரு கேஸும் வரவில்லை. அவளை உட்காரவைத்துக் கதையைச் சொன்னேன். சொன்னதை எழுதியும் வைக்கலாமே என்றுதான் இந்தப் பதிவு.

நான் ரேடியோகிராஃபர். பத்தொன்பது வருஷமாக இதே வேலை, பெரும்பாலும் நைட் டூட்டி. வானியலெல்லாம் படித்தவள் இல்லை. புளூட்டோவுக்கும் அப்பால் சூரியனைச் சுற்றும் அரோகோத் என்கிற இந்தப் பனிக்கட்டியின் மேல் எனக்கு இப்படியொரு கிறுக்குப் பிடித்ததற்குக் காரணம் வானம் இல்லை, ஒரு விரல்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருவர் நடுவிரல் வீங்கி வந்தார். கையைப் பலகைமேல் விரித்து வைக்கச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். எலும்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒழுங்காக நின்றன. மூட்டு இடைவெளி மட்டும் கொஞ்சம் மங்கல். வீக்கத்தால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். லேட்டரல், அதாவது பக்கவாட்டுப் படம், எடுக்கவில்லை. வெளியே வரிசை நீளமாக நின்றது என்பது என் சாக்கு. மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார், விரல் இரண்டு மடங்காகி. எங்கள் சீனியர் அந்த விரலைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு படம் எடுத்து, டார்க் ரூமிலிருந்து ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து என் கண்ணெதிரே பிடித்தார். நடுமூட்டு முழுசாக விலகி, ஒரு எலும்பு இன்னொன்றின் முதுகில் படிக்கட்டு மாதிரி ஏறி உட்கார்ந்திருந்தது. நான் எடுத்த நேர்ப் படத்தில் அதே இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தன.

"ஒரு படம் எடுத்தா பாதிப் படம்தாம்மா," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அது 2006. அதே வருஷம் ஜனவரி 19 அன்று நியூ ஹொரைஸன்ஸ் விண்கலம் புளூட்டோவைப் பார்க்கக் கிளம்பியது. அப்போது எனக்கு அது தெரியாது. அந்த விண்கலம் புளூட்டோவுக்குப் பிறகு எதைப் பார்க்கப் போகிறது என்பது அதை அனுப்பியவர்களுக்கும் தெரியாது. புளூட்டோவைத் தாண்டியும் எரிபொருள் மிஞ்சும், நெப்டியூனுக்கு அப்பால் பனிக்கட்டிகள் சுற்றிவரும் கைப்பர் பட்டையில் ஏதாவது ஒரு சின்னப் பனிக்கட்டி போகிற வழியில் சிக்கும், அதையும் பார்த்துவிடலாம் என்பது திட்டம். அந்த 'ஏதாவது ஒன்று' எது என்று கண்டுபிடிக்காமலேயே வண்டியை எடுத்துவிட்டார்கள்.

கண்டுபிடிப்பது அவ்வளவு லேசாக இல்லை. விண்கலம் போய்க்கொண்டிருந்த திசை தனுசு மண்டலம். நம் பால்வீதியின் மையம் இருக்கும் பக்கம். அங்கே திரும்பினால் நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம். அதற்கு நடுவே நட்சத்திரம் அல்லாத, 26-ம் ஒளிப்பொலிவுக்கும் மங்கலான ஒரு புள்ளியைத் தேடவேண்டும். வெறுங்கண்ணுக்குத் தெரிகிற கடைசி நட்சத்திரத்தைவிடக் கோடி மடங்குக்கும் மேல் மங்கல். வயிறு முழுக்க வாயு நிறைந்த ஆளின் எக்ஸ்ரேயில் கடுகளவு கிட்னி ஸ்டோனைத் தேடியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். வருஷக்கணக்கில் தரையிலிருக்கும் ராட்சத டெலஸ்கோப்புகளை வைத்துத் தேடினார்கள். புதிதாகப் பல பனிக்கட்டிகள் அகப்பட்டன. ஒன்றுகூட விண்கலத்துக்கு எட்டுகிற இடத்தில் இல்லை.

கடைசியில் விண்வெளியில் இருக்கும் ஹப்பிள் டெலஸ்கோப்பிடம் போய் நின்றார்கள். 2014 ஜூன் 26 அன்று ஹப்பிள் எடுத்த படங்களில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே இடம் மாறியிருந்த ஒரு புள்ளி அகப்பட்டது. மார்க் பூயியும் தேடல் குழுவும் கண்டுபிடித்த அந்தப் புள்ளிக்கு அப்போது 2014 எம்யூ69 என்று பெயர். இன்றைய அரோகோத் அதுதான். விண்கலம் கிளம்பி எட்டு வருஷம் கழித்துக் கிடைத்த முகவரி. 2015 ஜூலையில் புளூட்டோவைத் தாண்டியதும் அந்த வருஷக் கடைசியில் நான்கு முறை எஞ்சினை இயக்கி வண்டியை அதன் பக்கம் திருப்பினார்கள்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு படித்துத் தெரிந்தது. நான் உள்ளே நுழைந்தது 2017-ல், நிழல் விஷயத்தில்.

எக்ஸ்ரே என்றால் என்ன? நிழல்தான். ஒரு பக்கம் கதிர், மறுபக்கம் ஃபிலிமோ டிடெக்டரோ, நடுவே உடம்பு. உடம்பு மறைத்தது போக மீதி வந்து விழுகிறது. அதைப் படித்துச் சம்பளம் வாங்குகிறோம். 2017 ஜூலை 17 அன்று இந்த வேலையைத்தான் அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் செய்தார்கள். கதிர்: தூரத்து நட்சத்திரம் ஒன்று. உடம்பு: எம்யூ69. ஃபிலிம்: பூமி. அந்தப் பனிக்கட்டி நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது அதன் நிழல் பூமியின்மேல் ஒரு கோடு இழுத்துக்கொண்டு ஓடும். நட்சத்திரம் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் நிழலின் அளவும் பொருளின் அளவும் ஒன்றே. எங்கள் தொழிலில் நிழல் எப்போதும் பொருளைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் விழும், உருப்பெருக்கத்தைக் கழித்துக் கணக்குப் பார்ப்போம். அவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. பொறாமையாக இருந்தது.

அவர்களுக்கு இருந்தது வேறு தலைவலி. நிழல் முப்பது கி.மீ. அகலத்துக்குள் இருக்கும், எங்கே விழும் என்பதைத் துல்லியமாகச் சொல்ல நட்சத்திரத்தின் இடமும் பனிக்கட்டியின் பாதையும் மயிரிழை பிசகாமல் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவின் கையா விண்கலம் அளந்து வைத்த நட்சத்திர இடங்கள் அதற்குக் கைகொடுத்தன. அப்படியும் அதற்கு முந்தைய மாதம், ஜூன் 3 அன்று, தென்னாப்பிரிக்காவிலும் அர்ஜென்டினாவிலும் கூட்டமாகப் போய் டெலஸ்கோப் வைத்து நிழல் யார்மேலும் விழாமல் போயிற்று.

ஜூலையில் கொமோதோரோ ரிவதாவியா என்கிற ஊர்ப் பக்கம் 24 டெலஸ்கோப்புகளைப் பரப்பி வைத்தார்கள். கடுங்குளிர், பேய்க்காற்று. காற்று டெலஸ்கோப்பை ஆட்டக்கூடாது என்று லாரிகளைக் கொண்டுவந்து அணையாக நிறுத்தினார்கள். தெருவிளக்குகளை அணைத்தார்கள். வண்டிகளின் வெளிச்சம் விழக்கூடாது என்று தேசிய நெடுஞ்சாலையையே இரண்டு மணி நேரம் மூடிவைத்தார்கள். எல்லாம் எதற்கு? ஒரு நட்சத்திரம் ஒரு நொடி அளவுக்கு அணைந்து எரிவதைப் பார்க்க. ஐந்து டெலஸ்கோப்புகளில் அது அணைந்தது.

அந்த ஐந்து கோடுகளையும் வரிசையாக அடுக்கிப் போட்டிருந்த படத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒவ்வொரு டெலஸ்கோப்பும் ஒரு ஸ்லைஸ். இங்கே இவ்வளவு நீளம் மறைத்தது, பக்கத்தில் இவ்வளவு, அதற்கடுத்து இவ்வளவு. சி.டி. ஸ்கேனில் ஸ்லைஸ்களை அடுக்கி உருவம் பிடிக்கிற அதே வேலை. ஐந்தே கோட்டில், இது உருண்டை இல்லை, நீளமானது, இரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குத்தான் இதைப் பின்தொடர்வது என்று முடிவு செய்தேன். அடுத்த வருஷம் ஆகஸ்டில் செனகலிலும் கொலம்பியாவிலும் மறுபடி நிழல் பிடித்தார்கள். அதற்குள் நான் ஒரு நோட்டே போட்டிருந்தேன்.

2018 டிசம்பரில் நோட்டில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. விஷயம் இதுதான். நீளமான பொருள் ஒன்று சுற்றினால் அதன் வெளிச்சம் கூடிக் குறைய வேண்டும். அகலமான பக்கம் நம்மைப் பார்க்கும்போது அதிகம், ஒடுங்கிய பக்கம் பார்க்கும்போது குறைவு. விண்கலம் கிட்டே நெருங்க நெருங்கப் பார்த்துக்கொண்டே போனது. வெளிச்சம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நிழல் நீளம் என்கிறது, வெளிச்சம் உருண்டை என்கிறது. சுற்றிலும் தூசு மூடியிருக்கிறதோ, குட்டி நிலவுகள் கூட்டமாகச் சுற்றிக் குழப்புகின்றனவோ என்றெல்லாம் பேசினார்கள். இன்னொரு யோசனையும் இருந்தது: சுழலும் அச்சே ஏறக்குறைய விண்கலத்தைப் பார்த்தபடி இருந்தால்? மின்விசிறிக்கு நேர் கீழே படுத்துக்கொண்டு பார்க்கிற மாதிரி. விசிறி எவ்வளவு சுற்றினாலும் எல்லா இறக்கையும் எப்போதும் தெரியும், கூடுதல் குறைவே இருக்காது. நான் இதன் பக்கம்தான் பந்தயம் கட்டினேன் (என் நோட்டோடு). பார்க்கிற கோணம் எப்படி ஏமாற்றும் என்று எனக்கு ஒரு விரல் சொல்லிக்கொடுத்திருந்ததே.

2019 ஜனவரி 1. காலையில் டூட்டி முடித்து வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, சர்வதேச நேரம் 5:33-க்கு, நியூ ஹொரைஸன்ஸ் அந்தப் பனிக்கட்டியை 3,538 கி.மீ. தூரத்தில் கடந்து போயிற்று. நொடிக்கு 14 கி.மீ.க்கும் மேல் வேகம். சூரியனிலிருந்து சுமார் 650 கோடி கி.மீ. தள்ளி. மனிதன் அனுப்பிய கலம் எதுவும் அவ்வளவு தொலைவில் இருக்கும் ஒன்றைக் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. விண்கலம் அப்போது பூமியோடு பேசவும் முடியாது. காமிரா தனியாகத் திரும்பாது, ஆன்டெனாவும் திரும்பாது, எல்லாம் உடம்போடு பொருத்தியது. படம் எடுக்கவேண்டுமென்றால் வண்டி முழுசாகத் திரும்ப வேண்டும், பேசவேண்டுமென்றால் மறுபடி பூமிப் பக்கம் முழுசாகத் திரும்ப வேண்டும். "நல்லா இருக்கேன், வேலை முடிஞ்சது" என்கிற தகவல் ஆறு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து வந்தபோது நான் எழுந்து, தலைவாரி, அடுத்த டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

என் தொழில்காரர்களுக்காகக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், மற்றவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிக்கொள்ளலாம். அங்கே சூரிய வெளிச்சம் பூமியில் இருப்பதில் சுமார் 1,900-ல் ஒரு பங்கு. வெளிச்சம் குறைந்தால் எக்ஸ்போஷரை நீட்ட வேண்டும். நீட்டினால் அசைவு மங்கலாகும். நாமாவது "மூச்சைப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லலாம். அங்கே நொடிக்குப் பதினாலு கிலோமீட்டர் ஓடுகிறவன் கையில் காமிரா. லோரி என்கிற அந்தக் காமிராவின் கண்ணாடி ஒரு சாணுக்கும் குறைவு, 20.8 செ.மீ. மிக நுட்பமான படங்களை எடுத்தது நெருங்குவதற்கு ஆறரை நிமிடம் முன்னால், 6,600 கி.மீ. தூரத்திலிருந்து. ஒரு பிக்ஸலுக்கு 33 மீட்டர். அப்போது சட்டகத்தின் மொத்த அகலமே முப்பது சொச்சம் கி.மீ.தான். பொருளோ 36 கி.மீ. நீளம். கொலிமேட்டர் விளக்கு இல்லாமல், நோயாளியைக் கண்ணால் பார்க்காமல், முன்கூட்டியே எழுதிக்கொடுத்த கட்டளையை நம்பி, ஆளைச் சட்டகத்துக்குள் அடைப்பது. நான் தினமும் கண்முன்னால் இருக்கிற தோள்பட்டையையே சில நாள் வெட்டிவிடுகிறேன்.

எடுத்ததெல்லாம் வந்து சேரவும் பொறுமை வேண்டும். நொடிக்கு 1,000 முதல் 2,000 பிட் வேகம். ஒரு சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே ஃபைல் 10 எம்பி என்று வையுங்கள், அந்த வேகத்தில் அனுப்பினால் ஒரு படத்துக்குப் பதினொரு மணி நேரம் முதல் இருபத்திரண்டு மணி நேரம். மொத்தத்தையும் இறக்க 20 மாதம் ஆகும் என்று அப்போது சொன்னார்கள். எங்கள் சர்வர் அஞ்சு நிமிஷம் திக்கினால் வார்டிலிருந்து வரும் போன்களை நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 1 வெளியிட்ட படம் வெறும் மங்கல். மறுநாள் வந்ததுதான் உலகமே பார்த்த படம்: இரண்டு உருண்டைகள், பெரியதன் தலையில் சின்னது. பனிமனிதன், பனிமனிதன் என்று எல்லாப் பத்திரிகையிலும். என் முகப்புப் படமும் அதுவேதான். பட்டகோனியாவில் பிடித்த நிழலின் வரைபடத்தை இந்தப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தால் அச்சு அசலாகப் பொருந்துகிறது. அச்சும் ஏறக்குறைய விண்கலத்தைப் பார்த்துத்தான் இருந்தது. பந்தயத்தில் நான் ஜெயித்தேன்.

ஜெயித்த மிதப்பில் நோட்டில் ஒரு பக்கம் எடுத்து, எங்கள் ரிஜிஸ்டர் மாதிரியே கட்டம் போட்டு எழுதினேன். பெயர்: 2014 எம்யூ69. வயது: 450 கோடி வருஷம். எடுத்த பகுதி: முழு உடல். அசைவு: உண்டு, 15 மணி 55 நிமிடத்துக்கு ஒரு சுற்று. வடிவம்: இரண்டு உருண்டை. வியூ என்கிற கட்டத்தில் 'நேர், 1' என்று எழுதியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பிப்ரவரி 8 அன்று புதுப் படங்கள் வந்தன. விண்கலம் தாண்டிப்போன பிறகு, சுமார் பத்து நிமிஷம் கழித்து, திரும்பிப் பார்த்து எடுத்தவை. பதினான்கு படங்கள். சூரியன் இப்போது அந்தப் பக்கம், பனிக்கட்டியின் பெரும்பகுதி இருட்டு, ஓரத்தில் மட்டும் பிறை மாதிரி ஒரு வெளிச்சக் கீற்று. எக்ஸ்போஷரை நீட்டியதால் அசைந்து மங்கலாகியும் இருந்தது, அதைக் கணக்குப் போட்டுச் சரிசெய்தார்கள். ஆனால் உருவத்தைக் காட்டிக்கொடுத்தது அந்தக் கீற்று இல்லை. பின்னால் இருந்த நட்சத்திரங்கள். பனிக்கட்டி எந்தெந்த நட்சத்திரத்தை மறைக்கிறது, எதை மறைக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் குறித்தால் இருட்டில் இருக்கும் விளிம்பு தெரிந்துவிடும். உருண்டையாக இருந்தால் இன்ன நட்சத்திரம் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. அங்கே எதுவும் இல்லை.

பனிமனிதன் போனான். பெரிய பகுதி உருண்டையே இல்லை, தட்டை. இருபது கி.மீ. அகலம், தடிமன் அதில் பாதிகூட இல்லை. நாம் ஒரு மாதமாகக் கொண்டாடியது தட்டையான கூழாங்கல்லை அதன் அகலமான முகத்திலிருந்து பார்த்த படத்தை.

லேட்டரல் வியூ! நான் லேட்டரல் வராமல் 'வடிவம்: இரண்டு உருண்டை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பதிமூணு வருஷ சர்வீஸுக்குப் பிறகு, அதே விரல். சீனியர் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போனில் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். "ஐஸுக்கும் ரெண்டு வியூ வேணும்னு இப்பயாச்சும் தெரிஞ்சுதா?" என்றார்.

'இரண்டு உருண்டை'யை அடித்துவிட்டுத் தடிமன் 7 கி.மீ. என்று எழுதினேன், முதலில் அப்படித்தான் சொன்னார்கள். 2020-ல் இன்னும் கூடுதல் தரவு வந்த பிறகு அது 9 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல் ஆயிற்று. அந்த 7-ஐயும் அடித்தேன். அந்தப் பக்கம் இப்போது பார்க்கச் சகிக்காது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கழுத்து. இரண்டு பகுதியும் சேரும் இடத்தில் ஒரு வெளிறிய வளையம் மாதிரி இருக்கிறது. முறிவு பார்த்துப் பழகிய கண் என்பதால் முதலில் அங்கேதான் போயிற்று. விரிசல் இல்லை. நசுங்கல் இல்லை. எலும்பு எலும்பை இடித்தால் என்னென்ன தெரியுமோ எதுவும் இல்லை. அவ்வளவு பெரிய இரண்டு பொருட்கள் மோதியிருந்தால் சிதறியிருக்க வேண்டும். மோதவில்லை, வந்து சேர்ந்திருக்கின்றன. நாம் நடக்கும் வேகம், மிஞ்சிப்போனால் மெதுவாக ஓடும் வேகம். இரண்டின் தட்டையான முகங்களும் ஒரே வாட்டத்தில், சில டிகிரி பிசகோடு நிற்கின்றன. தற்செயலாக இடித்துக்கொண்டால் அப்படி அமையாது. ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு, சுற்று சுருங்கிச் சுருங்கி, கடைசியில் தொட்டுக்கொண்டவை. சூரியக் குடும்பம் உருவான காலத்தில், பனித்துகளும் தூசியும் மேகமாகத் திரண்டு தன் எடையாலேயே மெதுவாக ஒடுங்கித்தான் இம்மாதிரிப் பொருட்கள் உண்டாயின என்பதற்கு இந்தக் கழுத்தைத்தான் சாட்சியாகக் காட்டுகிறார்கள். 2023-ல் பெரிய பகுதியின்மேல் ஐந்து கி.மீ. அளவில் பன்னிரண்டு மேடுகளை எண்ணியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே சாயல். பெரிய பகுதியும் அப்படிச் சின்னச் சின்ன மூட்டைகள் வந்து சேர்ந்து ஆனதுதானாம்.

அதற்கப்புறம் அங்கே ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. சின்னப் பகுதியில் ஏழு கி.மீ. அளவில் ஒரு பள்ளம், இன்னும் சில சில்லறைப் பள்ளங்கள், அவ்வளவுதான். சூரியனை ஒரு முறை சுற்ற 298 வருஷம். ஏறக்குறைய வட்டமான பாதை, யார் வம்புக்கும் போகாத பாதை.

நிறம் சிவப்பு. என் முகப்பில் இருப்பது கறுப்பு வெள்ளைப் படம், நிஜத்தில் நல்ல செங்கல் பழுப்பு. மேற்பரப்பில் மெத்தனால் பனி இருக்கிறது. தண்ணீர்ப் பனி தெளிவாக அகப்படவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எங்களுக்கு மெத்தனால் என்கிற பெயரைக் கேஸ் ஷீட்டில் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். அங்கே அது கல்லாக உறைந்து, கதிர் பட்டுப் பட்டுச் சிவந்து, கோடிக்கணக்கான வருஷமாகச் சும்மா கிடக்கிறது.

பெயரில் ஒரு ரகளை நடந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் 'அல்டிமா தூலே' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். தெரிந்த உலகத்துக்கு அப்பால் என்கிற பொருளில். அந்தச் சொல்லை நாஜிகளும் எடுத்தாண்டிருந்தார்கள் என்று எதிர்ப்பு வந்தது. 2019 நவம்பர் 12 அன்று 'அரோகோத்' என்று முறைப்படி அறிவித்தார்கள். அமெரிக்கப் பழங்குடிகளான பவ்ஹாட்டன் மக்களின் மொழியில் 'வானம்'. பமுன்கி இனப் பெரியவர்களிடம் சம்மதம் கேட்டு வைத்த பெயர். விண்கலத்தை இயக்குகிறவர்களும் ஹப்பிளை இயக்குகிறவர்களும் வேலை செய்கிற மேரிலாந்துப் பக்கம் அவர்களுடைய பூர்விக பூமி. நல்ல மாற்றம். என் ரிஜிஸ்டரில்தான் இன்னொரு அடித்தல்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது அந்தப் பெண் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட உஷார்.

"அக்கா, இந்தப் பக்கம் எடுத்தாங்க, சைடும் கிடைச்சுது. பின்பக்கம்?"

பின்பக்கம் இல்லை. அரோகோத் கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் சுற்றுகிற பொருள். விண்கலம் போன காலத்தில் ஒரு துருவம் முழு வெயிலில், மறு துருவம் முழு இருட்டில். அங்கே குளிர்காலம் என்றால் பல பத்தாண்டு நீளும் ஒரே ராத்திரி. தாண்டிப்போகும்போது அந்த இருட்டுப் பக்கத்தின் சூட்டை மட்டும் ரேடியோவில் அளந்தார்கள். மைனஸ் 244 டிகிரி அளவு. தெர்மாமீட்டர் வைத்தாயிற்று, படம் எடுக்கவில்லை.

"ரிப்பீட் எடுக்க முடியாதா?"

"போன வண்டி திரும்பாதும்மா." நியூ ஹொரைஸன்ஸ் இப்போது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 60 மடங்குக்கும் அப்பால் போய்விட்டது. போய்க்கொண்டே இருக்கிறது.

"அப்ப ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க?"

பதில் சொல்வதற்குள் மணி அடித்தது. நாலரை இருக்கும். கீழே விழுந்து மணிக்கட்டு வீங்கி ஒரு அம்மா. அவளே எழுந்து போனாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் படம் எடுத்தாள். பிறகு குனிந்து, அந்த அம்மாவின் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பி வைத்தாள்.

முகப்புப் படத்தை மாற்றலாமா என்று யோசித்தேன். பனிமனிதனுக்குப் பதில் அந்தப் பதினான்கில் ஒன்று, ஓரத்தில் ஒரு கீற்றும் மீதி இருட்டுமாக. நேர்மை என்று பார்த்தால் அதைத்தான் வைக்க வேண்டும். ஆனால் அதை வைத்தால் யாரும் வந்து எந்த எலும்பு என்று கேட்க மாட்டார்கள்.